குப்பைப் பெட்டிக்குள் டிராயிங் சார்

காக்கையில் அண்டங்காக்கை என்று ஒரு வகை இருப்பதுபோல, மனிதரில் 'இருக்கட்டும்' என்று ஒரு வகை உண்டு. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். அவர் வீட்டு மேஜை டிராயர் முழுசாகத் திறக்காது, திறந்துவிட்டால் மூடாது. உள்ளே எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி இருக்கும், மை காய்ந்த பேனா இருக்கும், மூடியில்லாத டப்பா இருக்கும், இன்னொரு மூலையில் டப்பாவில்லாத மூடி இருக்கும், இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இதையெல்லாம் ஏனய்யா வைத்திருக்கிறீர் என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்." எதற்கு ஆகும்? அது அவர்களைப் படைத்தவனுக்கும் தெரியாது.

எழுபதுகளில் காரைக்குடியில் இந்த வகைக்குத் தலைமகனாக விளங்கியவர் டிராயிங் மாஸ்டர் தைரியநாதன். பிள்ளைகள் தேய்த்துத் தேய்த்து நகக்கண் அளவுக்கு வந்துவிட்ட பென்சில்களையெல்லாம் பொறுக்கி வந்து பிஸ்கட் டின்னில் சேர்த்தவர். 'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்று பழைய அட்டையில் கலர் சாக்பீஸால் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். துரும்பும் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். பல்தான் பாதி இல்லை.

போன மழையில் பின்பக்கத்துச் சமையலறை இடிந்து விழுந்தபோது அக்கம்பக்கத்தார் ஐயோ பாவம் என்றார்கள். சாருக்கோ உள்ளூர ஒரு குதூகலம். உடைந்த ஓடு, அரைச் செங்கல், செல்லரித்த உத்தரம், கீல் தொங்கும் கதவு என்று விழுந்ததையெல்லாம் முன்முற்றத்துக்குச் சுமந்து வந்து, ரகம் பிரித்து அடுக்கி, கிழிந்த படுதா போட்டு மூடினார். "படுதாவும் எப்பவோ எடுத்து வச்சதுதான். ஆச்சா, இல்லையா?" என்று மனைவி வியாகுலம்மாளைக் கேட்டார்.

இந்த முற்றத்தில்தான் இப்போது பந்தல் போட்டாக வேண்டும். மகள் ஞானபூரணிக்குக் கல்யாணம். மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளை சாக்கோட்டையில் குமாஸ்தா, தங்கமான பையன், ஞானபூரணிக்கும் பிடித்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார் உபகாரசாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"விருந்து உங்க முற்றத்துலதான் நடக்கணும் சம்பந்தி. எங்க வீட்டுல இடமில்ல. முதநாள் சாயங்காலம் வந்து பாப்பேன். பந்தல் நட்டிருந்தா கல்யாணம். இல்லாட்டி அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்."

சாக்கோட்டையில் அத்தனை பெரிய வீட்டை வைத்துக்கொண்டு இவருக்கு ஏன் இடமில்லை என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கக் கூடாதாம்.

"அப்பா, உங்களுக்கு நான் வேணுமா, இந்த ஓடு வேணுமா?" என்று ஞானபூரணி அழுதேவிட்டாள். சாருக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று. மகள்மேல் உயிர் அவருக்கு. "அழுகாதம்மா. பெத்தன்கிட்டப் பெட்டி சொல்லிட்டேன்" என்றார்.

பெட்டி என்றால் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற பெட்டி. புதுவயல் ரைஸ்மில்லில் உமிச்சாம்பல் அள்ளிக் கிழடுதட்டிய இரண்டு பெட்டிகளை வாங்கி, பெத்தன் குப்பைக்கென்றே வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் வீடு இடிக்கிறீர்களா, கும்பாபிஷேகம் நடத்துகிறீர்களா, கட்சி மாநாடு போடுகிறீர்களா, அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டியை வாசலில் கழற்றிவிட்டுப் போவான். செங்கல்லோ, எச்சில் இலையோ, தலைவர் கழுத்திலிருந்து கழற்றிய மாலையோ, நீங்கள் நிரப்பி வைத்தால், திரும்பி வந்து இழுத்துப்போய் ஊருக்கு வெளியே செம்மண் வெட்டிய பள்ளத்தில் கொட்டிவிடுவான். அந்த வாரம் ஒரு பெட்டி பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டம் போட்ட இலைகளைச் சுமந்துகொண்டு நின்றது. மற்றது சார் வீட்டு வாசலுக்கு வந்தது.

தாயும் மகளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். இந்தப் பக்கமிருந்து இவர்கள் போடப் போட, அந்தப் பக்கமிருந்து சார் எடுத்து எடுத்துக் கீழே வைத்தார்.

"ஏங்க, இது குடைக்கம்பி. துணியுமில்ல, பிடியுமில்ல."

"கம்பி இருக்குல்ல? இருக்கட்டும்."

"இந்த அரிக்கேன் லைட்டுக்கு அடியில ஓட்டை. கண்ணாடியும் கிடையாது."

"கைப்பிடியப் பாரு, எம்புட்டு ஜோரா இருக்கு!"

"கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு இருட்டுலயே நடப்பீகளா?"

சார் யோசித்தார். "எதுக்காச்சும் ஆகும்" என்றார்.

வாசலில் ஒரு காலிப் பெட்டி நின்றால் நம் ஜனங்கள் பார்த்துக்கொண்டு சும்மா போவார்களா? பக்கத்து வீட்டு நாகவல்லி, நகைவேலை செய்கிற ஆசாரியின் மனைவி, குழல் போன துருத்தி ஒன்றைத் தூக்கி வந்து, "ஓரமாப் போட்டுக்கிறேன் சார்" என்றாள். எதிர்வீட்டிலிருந்து கால் ஒடிந்த தொட்டில் வந்தது. மூன்றாம் வீட்டிலிருந்து முள்ளில்லாத தராசு வந்தது. தெருமுனையிலிருந்து, யார் போட்டார்களோ, இலவம்பஞ்சு பிதுங்கும் மெத்தை வந்தது. "அடடா, துருத்தி! இதையுமா தூக்கிப் போடுவாக?" என்று சார் ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி முற்றத்தில் சேர்த்தார். தெருக் குப்பை முழுவதும் சார் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. பெட்டி மட்டும் கழுவித் துடைத்ததுபோலக் காலியாக நின்றது.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம், பிள்ளையார்பட்டிப் பெட்டியைக் கொட்டிவிட்டு அதையும் மாட்டிக்கொண்டு பெத்தன் வந்து சேர்ந்தான். பந்தல்காரர்கள் கழிகளோடு தெருவில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு கழி ஊன்ற இடமில்லை.

"என்ன சார், பெட்டி காலியாக் கிடக்கு? வீடு மாத்தி விட்டுட்டேனா?"

"அது கிடக்கட்டும் பெத்தா, இந்தப் பெட்டியோட பின்பலகை இத்துப்போச்சே, மாத்தப் போறியா?"

"ஆமா சார்."

"மாத்துனா பழைய பலகையத் தூரப் போட்டுறாத. எதுக்காச்சும் ஆகும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் மூலையில் ஏதோ மின்னியது. வளைந்த ஆணியாக இருக்கலாம். சார் விடுவாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறினார்.

வியாகுலம்மாளுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்துதான் வந்ததோ! பின்பலகையைத் தூக்கிக் கொக்கியைப் போட்டாள். "பெத்தா, இந்தப் பெட்டிய மாட்டி எடு. அதை இங்குட்டு விட்டுட்டுப் போ."

"சார் உள்ள இருக்காகளேம்மா!"

"வீட்டுலயே பெரிய பழசு அதுதான். எடு வண்டிய."

சார் கத்திக்கொண்டே போனது தெருக்கோடிவரை கேட்டது. பெத்தன் திரும்பியே பார்க்கவில்லை. அவனுக்கும் பெண் மக்கள் இருந்தார்கள். ஆனால் செம்மண் பள்ளத்தைக் கண்டதும் சாரின் கோபம் போன இடம் தெரியவில்லை. காரைக்குடி முழுவதும் வேண்டாமென்று தள்ளியதெல்லாம் அங்கே மலைமலையாகக் கிடந்தது. மோட்ச ராச்சியத்தைப் பற்றி அவர் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருந்தார். ஒரு சாமியாரும் இப்படி விவரமாகச் சொன்னதில்லை.

"பெத்தா, பெட்டி இங்கனயே நிக்கட்டும். நீ போயிட்டு மெதுவா வா."

பெத்தன் திரும்பிப் போவதற்குள் வியாகுலம்மாள், ஞானபூரணி, பந்தல்காரர்கள், நாகவல்லி, தெருவில் கைகால் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து முற்றத்தை வழித்து இரண்டாவது பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். பெத்தன் அதை இழுத்து வந்து பள்ளத்தில், சாரின் காலடியிலேயே கவிழ்த்தான். சார் பாய்ந்து போய்க் குனிந்தார்.

"பெத்தா! நம்ம வீட்டுல இருக்கிற மாதிரியே ஒரு குடைக்கம்பி! அட, நம்ம அரிக்கேன் லைட்டுக்கு ஒரு ஜோடி! இதையெல்லாம் எந்தப் பைத்தியக்காரன்டா போட்டது?"

பெத்தன் தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

சாயங்காலம் முற்றத்தில் பந்தல் எழும்பி, வாழைமரம் கட்டி, தண்ணீர் தெளித்துக் குளுகுளுவென்றிருந்தது. உபகாரசாமி மகனோடு வந்து இறங்கினார். கழிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். "திருப்தி. சம்பந்தி எங்குட்டுப் போயிருக்காக?" என்று கேட்டார். ஞானபூரணி அப்போதுதான் மூச்சே விட்டாள்.

பாழாய்ப்போன டிராக்டர் சத்தம் அப்போதுதானா கேட்க வேண்டும்! பெட்டி நிறைய, பெட்டிக்கு மேலும் நிறைய, அதன் உச்சியில் கையில் அரிக்கேன் லைட்டோடு சார். போட்டதும் வந்தது, போடாததும் வந்தது. வியாகுலம்மாள் பந்தல்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "மாதாவே!" என்றாள். ஞானபூரணிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கல்யாணம் போச்சு. அடுத்த வருசம்தான்.

உபகாரசாமி முகத்தில் சிரிப்பில்லை. விறுவிறுவென்று பெட்டியருகே போனார். உள்ளே கையை விட்டார். நாகவல்லியின் துருத்தியை வெளியே இழுத்தார்.

"சம்பந்தி, இதுக்குக் குழல் இல்லையா?"

"இல்லீக" என்றார் சார், குற்றவாளிபோல.

உபகாரசாமி துருத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல குழல் இருக்கு. துருத்திதான் இல்ல! அந்தக் குழலுக்கு மேலயும் கீழயுமாச் சாமான் சேர்ந்துபோயித்தான சம்பந்தி, வீட்டுல இடமில்லைன்னேன்!"

இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இனம் இனத்தோடு சேர்ந்தது. "இதை இங்க இறக்காதீக. நேரா சாக்கோட்டைக்கு விடச் சொல்லுங்க" என்று சம்பந்தி உத்தரவு போட்டார். செட்டிநாட்டுச் சீமையில் வெள்ளியும் வெண்கலமும் பீரோவும் கட்டிலுமாக எத்தனையோ சீர் வரிசை போயிருக்கிறது. ஞானபூரணியின் சீர்தான் பெத்தனின் குப்பைப் பெட்டியில் போயிற்று.

அவளுக்கு மாப்பிள்ளை ஒருவர்தான் மிச்ச நம்பிக்கை. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் பெட்டியிலிருந்து துருப்பிடித்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து, இழுத்து விட்டுப் பார்த்து, யாரும் காணாமல் தம் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஞானபூரணி தன் கைக்குட்டையை நீட்டினாள்.

"சட்டையில கறையாகிப் போகும். இதுல சுத்தி வைங்க."

"போச்சுடி" என்றாள் வியாகுலம்மாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் கடையிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்தீர்களே, அந்தச் சணலை என்ன செய்தீர்கள்? விரலில் சுற்றி, முடிச்சுப் போட்டு, சுவர் ஆணியில் மாட்டவில்லை? அங்கே ஏற்கெனவே தொங்கிய சணல் எதற்காவது ஆயிற்றா? பெத்தன் ஒருநாள் உங்கள் தெருவுக்கும் வருவான். வாசலில் பெட்டி நிற்கும்போது, உள்ளே ஏதோ மின்னுகிறதே என்று மட்டும் ஏறிவிடாதீர்கள். உங்கள் வீட்டம்மா பின்பலகைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.