மோர்க்குளத்தில் மதினி

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் எதை வேண்டுமானாலும் கட்டலாம், நீச்சல் குளம் மட்டும் கட்டக்கூடாது. இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று மாடி எழுப்பினால் வாயைப் பிளந்து பாராட்டுவார்கள். குளம் கட்டினால், கட்டியவளின் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, “அவுகளுக்கு என்ன செய்யுது? டாக்டர்கிட்டக் காட்டுனீகளா?” என்று விசாரிப்பார்கள். பரளச்சிப் பக்கத்தில் என்னைப் பற்றி அப்படித்தான் விசாரித்தார்கள். விசாரிக்கட்டும். நான்தான் கட்டினேன், நான்தான் கெடுத்தேன், இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன்.

காரணம் இல்லாமல் கட்டவில்லை. எங்கள் பக்கம் கிணற்றில் ஆம்பளைப் பையன் குதித்தால் அது குளியல். பொம்பளைப் பிள்ளை குதித்தால் அது சாவு, நாலு பேர் கயிறும் கையுமாக ஓடிவருவார்கள். நானும் பேச்சியும் சின்ன வயதில் கிணற்று மேட்டில் நின்று, பையன்கள் தொம்மு தொம்மென்று குதிப்பதை வேடிக்கை பார்த்தே பொழுதைக் கழித்தவர்கள். அந்தப் பேச்சிதான் பிற்பாடு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு மதினியாக வந்தாள். நான் நர்ஸ் படித்து வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனேன். அங்கே விடுதிக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் இருந்தது. அதில்தான் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டேன். காதுக்குள் தண்ணீர், கண்ணுக்கு நேரே வானம், யாரும் பிடிக்காமலே முதுகு நிற்கிறது. அன்றைக்கே மதினிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள், “எனக்கும் ஒரு நாளு அப்பிடிக் கெடக்கணும் செல்வி” என்றாள்.

அவ்வளவுதான் காரணம். ஊர் திரும்பி, ரோட்டோரம் வீடு கட்டி, வீட்டுக்குப் பக்கத்தில் குளத்தையும் கட்டினேன். பெரிய குளம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு லாரியை நிறுத்தலாம், ஆழம் நெஞ்சு வரைக்கும். கட்டிய கொத்தனாரே கடைசி வரைக்கும் அதைத் ‘தொட்டி’ என்றுதான் சொன்னார்.

நிரப்ப வேண்டியவன் என் அண்ணன். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். அண்ணன் சொந்த டிராக்டரில் டேங்கரைப் பூட்டி, திருச்சுழி வரைக்கும் தண்ணீர் லோடு அடிப்பவன். தலைக்குச் சாயம் பூசுவான், மீசைக்கு மட்டும் பூச மாட்டான். அந்த வெள்ளை முறுக்கு மீசையில்தான் அவனுடைய கம்பீரம் முழுவதும் இருக்கிறது என்பது அவன் எண்ணம். குளத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“ஒரே ஒரு தடவ ரொப்பித் தாரேன். தங்கச்சி வீட்டுக்குச் செஞ்ச சீருன்னு வச்சுக்க. தண்ணி கெட்டுப்போச்சு, தொறந்து விட்டுட்டேன், மறுபடி ரொப்புன்னு வந்து நின்னே, இதே டிராக்டருல செம்மண்ணு கொண்டாந்து மூடிப்புட்டு முருங்கை வச்சுருவேன்.”

“சரிண்ணே.”

“கையடி.”

அடித்தேன். என் வீட்டுக்காரர் காரியாபட்டியிலிருந்து மதுரைக்கு வேன் ஓட்டுபவர், எதையும் நிதானமாகச் செய்யும் மனிதர். “யோசிச்சு அடிச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அவர் மதுரையில் நீச்சல் குளச் சாமான் விற்கிற கடையிலிருந்து தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். தண்ணீரில் சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குளோரின் எவ்வளவு, புளிப்பா காரமா என்று தெரியும். நல்ல சாமான், கெட்டுப்போகக் கூடாது என்று அதைப் பட்டுப்புடவைக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அண்ணன் லோடு லோடாகத் தண்ணீர் கொண்டுவந்து ரொப்பியதும், இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு குளியல் என்று மதினி தெருவில் சொல்லிவிட்டாள். எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் துண்டோடு வருவதாக ஏற்பாடு.

அதற்குள் சித்திரை வெயில் வேலையைக் காட்டியது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் நாலைந்து நாளில் பாசிப்பச்சை ஆனது. இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்தை மில்லிக் கணக்கில் உறிஞ்சி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குமிழி தட்டி ஊசி போட்டவள் நான். வீட்டு வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் மட்டும் எனக்கு அளவு என்பதே மறந்துபோகும். எல்லாம் கைப்பக்குவம்தான். புளிக்குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரியே குளத்துக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டேன். ஒரு கை, போதாது என்று தோன்றியதும் இன்னொரு கை.

பச்சை போனது. டீத்தூள் நிறம் வந்தது. (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால், பிளீச்சிங் பட்டதும் துருவாகித் தண்ணீர் பழுப்பாகிவிடும் என்று நர்ஸிங்கில் யாரும் சொல்லித் தரவில்லை.) என் வீட்டுக்காரர் குளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பயப்படாதீக. இன்னொண்ணு போட்டா சரியாயிரும்” என்றேன்.

படிகாரத்தைக் கரைத்து ஊற்றினேன். துரு அடியில் படிந்து தண்ணீர் தெளிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மதுரைக் கடைக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். கடைக்காரர், “படிகாரம் போட்டா தண்ணி புளிச்சிருக்குமேம்மா. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, தேவைன்னா சோடா கொஞ்சமாப் போடுங்க” என்றார். ‘சோடா’ மட்டும்தான் என் காதில் ஏறியது. துணி துவைக்கிற சோடாவை ஒரு வாளி கரைத்துக் கொட்டினேன். எங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக் குண்டானைக் கேட்டால் சொல்லும், காய்ச்சக் காய்ச்சச் சுண்ணாம்புப் பத்துப் பிடிக்கும். சோடா பட்டதும் அந்தச் சுண்ணாம்பு அத்தனையும் திரண்டு வெளியே வந்தது. கண் முன்னாலேயே குளம் மோராக மாறியது.

“இன்னொண்ணு போட்டா சரியாயிருமா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். கேலியா, கவலையா என்று முகத்தில் தெரியவில்லை.

ஓரத்தில் மறுபடியும் பாசி தலைகாட்டியதால், வீரசோழன் போய் மயில்துத்தம் வாங்கிவந்து அதையும் போட்டேன். பாசியைக் கொல்லுமாம். இப்போது நீலம் கலந்த மோர். அருப்புக்கோட்டை பஸ்ஸு எங்கள் வீட்டருகே வந்ததும் மெதுவாகப் போக ஆரம்பித்தது. “அக்கா, இன்னைக்கு என்ன கலரு?” என்று கண்டக்டர் தினமும் கேட்டுவிட்டுத்தான் விசில் ஊதினார்.

வேறு ஊராக இருந்தால் மதகைத் திறந்துவிட்டு வேறு தண்ணீர் பிடித்திருப்பார்கள். இங்கே குடத்தோடு ரோட்டில் நிற்கிறவர்கள் கண் முன்னால் ஒரு குளம் தண்ணீரைத் தரையில் விடுவதற்கு எனக்கு மனசு கிடையாது. அண்ணனுக்குக் கையடித்தும் கொடுத்திருந்தேன். எனவே என்னிடம் இருந்தது இந்தத் தண்ணீர் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். மதினி இரண்டு காலி எண்ணெய்க் கேன்களைச் சேலைக் கிழிசலால் முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பின்னாலேயே அண்ணன் டிராக்டர். டேங்கர் இல்லை, டிரெய்லர் நிறையச் செம்மண். இன்ஜினை அணைக்காமலே இறங்கி வந்தான்.

“என்னத்தா, மோரு கலக்கி வச்சிருக்க? தாளிச்சு எறக்குனா ஊருக்கே ஊத்தலாம் போல.”

“தண்ணிதான்ணே. லேசாக் கலங்கிருக்கு.”

“அடித்தரை தெரியுதா?”

“தரை தெரிஞ்சு என்ன செய்யப்போற, பருத்தியா வெதைக்கப்போற?”

பெண்கள் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. டிரெய்லரில் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மண் உள்ளே விழுந்தால் இந்த ஜென்மத்தில் அவள் மிதக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். என் மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது, மண்ணைப் பார்த்தால் அதைவிட ஆத்திரம் வந்தது. “மொதல்ல நான் எறங்குறேன். நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். (நர்ஸ் புத்தி அப்போதுதான் திரும்பி வந்தது.) நெஞ்சுக்குக் கீழே நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. கண் எரிந்தது. எரியட்டும் என்று மல்லாந்து மிதந்து காட்டினேன்.

மதினி நான் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. தொம்மென்று ஒரு சத்தம்.

பொம்பளை குதித்தால் அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். ரோட்டில் போன ஆம்பளைகள் ஓடிவந்தார்கள். அண்ணன் வேட்டியோடும் மீசையோடும் பாய்ந்து உள்ளே விழுந்தான். மோருக்குள் ஒன்றும் தெரியாமல் துழாவி, கையில் அகப்பட்ட காலைப் பிடித்து இழுத்தான். அது என் கால். நான் முங்கி இரண்டு மடக்குக் குடித்தேன். (உப்பு, துவர்ப்பு, கசப்பு மூன்றும் இருந்தன.)

“என்னங்க, நான் இங்கன இருக்கேன். அந்தப் பிள்ளைய விடுங்க” என்று எதிர்மூலையிலிருந்து மதினி குரல் கேட்டது. கேன்கள் மேலே தூக்கிப் பிடிக்க, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தாள்.

“ஏறு மேல.”

“மாட்டேன். கல்யாணமாகி வந்த நாளா நீங்க ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துறதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்குன்னு தண்ணி இன்னைக்குத்தான் கெடச்சிருக்கு.”

அண்ணன் சட்டம் பேசினான். “தண்ணி கெட்டுப்போச்சுல்ல? கையடிச்சது கையடிச்சதுதான்.”

“கெட்ட தண்ணியிலயா நீங்க இம்புட்டு நேரமா முங்கிக்கிட்டு நிக்கிறீக?” என்றாள் மதினி.

அண்ணனும் ஏறாமல் வெயில் உச்சிக்கு வரும் வரைக்கும் தண்ணீருக்குள் நின்றபடியே வாதாடினான். எங்கள் குடும்பத்துப் பிடிவாதம் அது, அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. கடைசியில், கொண்டுவந்த மண்ணைத் திருப்பிக் கொண்டுபோவது மரியாதை இல்லை என்று குளத்தை ஒட்டியே கொட்டி, முருங்கைக் கொம்பு ஒன்றையும் நட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் மதினி போன் போட்டாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை. “செல்வி, ஒங்க அண்ணனுக்கு மீசை தளுத்திருச்சு.” மயில்துத்தம் நரைமுடியில் ஏறினால் பச்சையாகுமாம். வேட்டிக்கும் லேசாகப் பச்சை. சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் மீசை இளந்தளிராகவே நின்றதாம். அன்றைக்கு அவன் டேங்கர் போன ஊர்களில் எல்லாம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மீசையைப் பார்த்திருக்கிறார்கள். சாயந்தரம் மீசைக்கும் கறுப்புச் சாயம் பூசியவன், இன்றுவரை நிறுத்தவில்லை.

குளம் எப்படித் தெளிந்தது என்று கேட்பீர்கள். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. சுண்ணாம்பெல்லாம் அடியில் உட்கார்ந்ததும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தோம். பீரோவிலிருந்த பெட்டி வெளியே வந்தது. இப்போது சொட்டு விட்டு, அட்டையைப் பார்த்து, கிண்ணத்தில் அளந்துதான் எதையும் போடுகிறேன். மொட்டைமாடியில் விழுகிற மழை முழுவதும் குளத்துக்குத்தான் போகிறது. அண்ணன் டேங்கர் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. அவன் நட்ட முருங்கைதான் இலையும் பூவுமாகக் கொட்டிக் குளத்தைக் கெடுக்கப் பார்க்கிறது. வெட்ட மாட்டேன். காய் நன்றாக இருக்கிறது.

எங்கள் வீட்டு விசேஷங்களில் குழம்பு சரியில்லை, மைக் கத்துகிறது, மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டார் என்று எது நடந்தாலும் யாராவது ஒருவர், “இன்னொண்ணு போட்டா சரியாயிரும்” என்பார். உடனே எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், அண்ணன் மீசையைத் தடவிக்கொள்வான்.

மதினிக்கு இப்போது கேன் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். ஒவ்வொருத்தராகத் தொம்மு தொம்மென்று குதிக்கிறார்கள். சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறது. ஒரு ஆம்பளைகூட ஓடிவருவதில்லை. மீசைக்குப் பயம் என்கிறாள் மதினி.