சம்பந்தி சிபாரிசு செய்த இந்திப் படம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், உங்கள் சம்பந்தியம்மாவான என் மனைவி, என் மகன், உங்கள் மகள் நால்வரும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும், தங்கள் பல் ஆஸ்பத்திரியும், அங்கே நாற்காலியில் வாய் திறந்து சாய்ந்திருக்கும் அன்பர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தங்களுக்குப் போன் செய்தால், கையுறை போட்டிருக்கிறேன் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நம் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்ற விஷயத்தைப் போன தடவை நான் சொல்லி முடித்ததும், யாரோ ஒருவர் வாயில் பஞ்சோடு "ஐயோ பாவம்" என்றார். அவர் பல் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நம் குடும்பம் எப்படி இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கடிதம்.

படம் எப்படி என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். நான்கு டிக்கெட் தாங்களே எடுத்து அனுப்பி, "வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள், சிரித்தால் இரண்டு பேரும் தானாகச் சரியாகிவிடுவார்கள்" என்று உத்தரவாதமும் கொடுத்திருந்தீர்கள். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது தங்கள் தொழில் என்பதால் நானும் நம்பினேன். ஆனால் அந்தப் படத்தைத் தாங்கள் பார்த்திருக்கவில்லை என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. நாலு திருடர்கள் சமையற்காரர் வேஷத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குள் புகுந்து, நிலவறையில் இருக்கும் வைர அட்டிகையைத் திருடப் போகிறார்கள். இதுதான் கதை. சமையற்காரர் என்றால் ஒரு தடவையாவது வெங்காயம் நறுக்க வேண்டாமா? நறுக்கவில்லை. ஒருவன் வழுக்கி விழுவான், மற்ற மூன்று பேரும் சிரிப்பார்கள். பிறகு அந்த மூவரில் ஒருவன் விழுவான். சிரிப்பு திரையோடு சரி, தியேட்டருக்குள் இறங்கி வரவே இல்லை. கீழே எழுத்து வரும், மொழி ஒரு பிரச்சனையே இல்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். எழுத்து வந்தது. ஆனால் திரையின் அடிப்பாகம் எங்கேயோ வெட்டுப்பட்டு, எழுத்துகளின் தலை மட்டும்தான் தெரிந்தது. தலையைப் பார்த்து உடம்பை யூகிக்கிற வித்தை எனக்குத் தெரியாது.

நாங்கள் உட்கார்ந்திருந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வழியோர நாற்காலியில் உங்கள் சம்பந்தியம்மா, அடுத்து என் மகன், அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் உங்கள் மகள். அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும் என்றுதான் நான் பின்தங்கி நின்றேன். இரண்டு பேரும் என்னைவிடப் பின்தங்கி நின்றார்கள். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டார்கள், இருட்டில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்ததில் நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். சோளப்பொரி டப்பா என் மடியில். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வரும், போகும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வரும், போகும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், சூடு பட்டது போல இரண்டும் திரும்பிப் போய்விடும்.

சண்டை எதற்கு என்று தங்களுக்குத் தெரியும். ஆனால் தாங்கள் கேட்டது மகள் சொன்ன கதை. நான் இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் குடியிருப்பவன். என் மகனுடைய குளிர்பதனக் கம்பெனி தூரத்தில் ஒரு துறைமுகத்தில் குளிர்க் கிடங்கு கட்டுகிறது. இரண்டு வருஷம் அங்கே போய் இருக்கிறாயா என்று கேட்டார்கள், இவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். வந்தவன், ராத்திரி தட்டுத் துடைக்கும்போது, மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற மாதிரி அதைச் சொன்னான். உங்கள் மகள் "சரி" என்றாள். அவ்வளவுதான். அந்த "சரி"யைக் கேட்டதும் சம்பந்தியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு என் வழியாகத்தான். "மாமா, குழாய் ரிப்பேர்க்காரர் நாளைக்கு வர்றாராம், யார் வீட்ல இருப்பாங்கன்னு கேளுங்க." கேட்கப்பட வேண்டியவன் எதிரிலேயே உட்கார்ந்து காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பான். நான் உத்தியோகம் முழுக்கத் தண்ணீர் மீட்டர் பார்த்தவன், சம்பந்தி. வீட்டில் ஆள் இருந்தும் மீட்டர் ஓடவில்லை என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் சில வாரமாக முள் அசையவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். ஒன்றும் புரியாமல் நான் நெளிவதைப் பார்த்து, உங்கள் மகள் என் பக்கம் சாய்ந்து வசனங்களைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். படிக்கிற காலத்தில் கூடத் தங்கியிருந்த பெண்களிடம் இந்தி கற்றுக்கொண்டாளாமே, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். "மாமா, பூட்டை உடைக்க வேணாம், சாவி வச்சிருக்கிறவனை உடைப்போம்னு தாடிக்காரன் சொல்றான். இது ஜோக்காம்." அவள் ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் வேலை என்ன? காது மந்தமானவர்களுக்குக் கருவி மாட்டிவிட்டு, கேக்குதா கேக்குதா என்று நாள் முழுக்கத் திருத்தமாகப் பேசுவது. அந்த வாய் ரகசியம் பேசினாலும் மூன்று வரிசைக்குக் கேட்கும். முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த ஒரு கண்ணாடிக்காரர் திரும்பினார். அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, எங்களுக்கும் எழுத்து தெரியல" என்றார். அதைக் கேட்டுப் பின்வரிசையில் இருந்து இரண்டு பேர் எழுந்து வந்து எங்கள் பக்கம் உட்கார்ந்தார்கள். 

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, திருடர்கள் தலைவனான அந்தத் தாடிக்காரன் கொள்ளைக்கு முந்தின நாள் தன் வீட்டுக்குப் போகிறான். அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் மகள் சொன்னாள்: "நாளைக்குக் கிளம்பறேன்னு சொல்றான்."

"அவ என்ன சொல்றா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"எப்ப முடிவு பண்ணினேன்னு கேக்கறா."

"அவன்?"

"ஒண்ணும் சொல்லல. அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல."

திரையில் தாடிக்காரன் கையை வீசி வீசி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான். இந்தியில் நீளமாக இருப்பது தமிழில் சுருங்கிவிடும் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். "சுரங்கம் தோண்டறதைப் பத்தி கூட்டாளிங்க மூணு பேருக்கும் தெரியும், சமையல்காரனுக்குத் தெரியும், லாரிக்காரனுக்குத் தெரியும், கூட இருக்கிற எனக்கு மட்டும்தான் கடைசியில தெரியுதுன்னு அவ சொல்றா. நீ போறது பெரிசில்ல, நான் வருவேனா மாட்டேனான்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலயேன்னு சொல்றா." இந்த மட்டமான படத்திலும் ஒரு நல்ல வசனம் எழுதியிருக்கிறான் பார் என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். கண்ணாடிக்காரரின் மனைவி, "கேக்கத்தானே வேணும்" என்றாள். உங்கள் மகள் நிறுத்தவில்லை. "நான் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன்னு சொல்றா. கேட்டிருந்தா அன்னிக்கே பெட்டி கட்டியிருப்பேன்னு சொல்றா." குரல் கொஞ்சம் கரகரத்தது. நான் திரையைப் பார்த்தேன். திரையில் தாடிக்காரனும் இல்லை, அவன் மனைவியும் இல்லை. ஒரு நாய் மட்டும் ஓட்டல் வாசலில் நின்று குரைத்துக்கொண்டிருந்தது.

"நாய் என்னம்மா சொல்லுது?" என்றார் பின்னாலிருந்து ஒருவர், விகல்பமில்லாமல்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, சம்பந்தி. என் இடது பக்கம் திரும்பவும் பயமாக இருந்தது, வலது பக்கம் திரும்பவும் பயமாக இருந்தது. சோளப்பொரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாய் குரைத்து முடித்தது. திருடர்கள் சுவரில் ஓட்டை போட ஆரம்பித்தார்கள். துளை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சமயத்தில் என் மகன் தொண்டையைக் கனைத்தான்.

"தாடிக்காரன் என்ன சொல்றான்னா," என்றான்.

இவனுக்கு இந்தியில் ஒரு எழுத்துத் தெரியாது. பெற்றவன் நான் சொல்கிறேன்.

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவாளோன்னு பயந்துட்டேன்னு சொல்றான். வேணாம்னு சொன்னா போயிருக்க மாட்டான். போகாம இருந்துட்டு, பின்னாடி என்னிக்காவது அவமேல எரிஞ்சு விழுவோமோன்னு அதுக்கும் பயம். அதனால கேக்காமயே கையெழுத்துப் போட்டுட்டான்."

"திருடன் எங்கப்பா கையெழுத்துப் போட்டான்?" என்றார் கண்ணாடிக்காரர். "அவன் வாயே அசையலையே தம்பி."

"சும்மா இருங்க," என்று அவர் மனைவி அவர் முழங்கையில் ஒன்று வைத்தாள். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

நடுவில் இருக்கிறவன் நகர்ந்துவிட வேண்டிய நேரம் இது என்று எழுந்தேன். எழுந்தால் அந்த மடக்கு நாற்காலி என் சட்டையின் பின்பக்கத்தையும் சேர்த்து மடக்கிக்கொண்டது. நான் முன்னால் இழுக்க, அது பின்னால் இழுக்க, டப்பா கவிழ்ந்து மிச்சம் இருந்த சோளப்பொரி முழுவதும் கண்ணாடிக்காரர் தலையில் கொட்டியது. தியேட்டரே சிரித்தது. தாங்கள் உத்தரவாதம் கொடுத்த சிரிப்பு இதுதான் என்றால், அதைக் கொடுத்தது படமல்ல, என் சட்டை. உங்கள் சம்பந்தியம்மா எழுந்து வந்து, கையைப் பிடித்து இழுத்து, கிழிந்த சட்டையோடு என்னை வெளியே கூட்டிப்போனாள்.

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "படம் பிடிக்கலையா?" என்று கேட்டாள். "உள்ள நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு," என்றாள் சம்பந்தியம்மா. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேசுவார்களா, நடுவில் ஒரு காலி நாற்காலியை வைத்துக்கொண்டு இரண்டு கல்லாக உட்கார்ந்திருப்பார்களா? தாங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்து அவளை அழைத்துப் போய்விட்டால் நான் யாரிடம் காப்பி போதுமா என்று கேட்பேன்? இதையெல்லாம் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அவள், "நான் படத்தையே பாக்கல. அவன் கையைத்தான் பாத்துட்டு இருந்தேன். பொரியை எடுக்கறான், எடுத்ததை வாய்க்குக் கொண்டுபோகத் தெரியாம கையிலயே வச்சிருக்கான். அவ சொல்றது ஒவ்வொண்ணும் அவனுக்கு ஏறிச்சு," என்றாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்காரர் தண்ணீர் பாட்டில் வாங்க வெளியே வந்தார். தலைமுடியில் இன்னும் இரண்டு பொரி இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கும் முன் அவரே அருகில் வந்து, "உங்க பையன் இப்ப தப்பு தப்புன்னு ஒத்துக்கற கட்டத்துல இருக்கான். பொண்ணு இன்னும் பிடி குடுக்கல. ஆனா நடு சீட்டுக்கு வந்தாச்சு," என்று தகவல் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே ஓடினார். மனுஷர் படத்தின் எந்தக் கட்டத்துக்கும் அப்படி ஓடியிருக்க மாட்டார்.

எல்லாரும் வெளியே வந்த பிறகு கடைசியாக அவர்கள் வந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. அட்டிகை என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டேன். "தெரியல மாமா," என்றாள் உங்கள் மகள். வண்டியில் பின்சீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பாதி வழியில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அங்க வெயில் ரொம்பவா?" என்று கேட்டாள். என் வழியாக இல்லை, நேராக. அவன், "கிடங்குக்குள்ளேயே குடித்தனம் வச்சா தெரியாது," என்றான். அவள் சிரித்தாள். ரொம்ப இல்லை, கொஞ்சம்.

யோசித்துப் பார்க்கிறேன், சம்பந்தி. நேராகச் சொன்னால் சண்டை, திருடன் பெண்டாட்டி சொன்னால் வசனம். வசனம் என்றால் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்கிறோம். அது நல்ல படமாக இருந்திருந்தால் நாலு பேரும் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வந்த மாதிரியே நாலு பக்கமாக வீட்டுக்கு வந்திருப்போம். அது அவ்வளவு மட்டமாக இருந்ததால்தான் உள்ளே இரண்டு பேர் பேச இடம் கிடைத்தது. ஆனாலும் இந்தக் காரணத்தைச் சொல்லிப் படத்தை மன்னிக்க என்னால் முடியவில்லை.

எழுத வந்த விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தங்கள் மூத்த சகோதரரோடு வந்து, உட்கார்ந்து பேசி, முடியாவிட்டால் மகளை அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். அதற்கு அவசியமில்லை. வர வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் சுமுகமாகிவிட்டது. தங்கள் சகோதரருக்கு என் வணக்கம். தாங்கள் கை நடுங்காமல் நெடுங்காலம் தொழில் செய்யவும், நம் பிள்ளைகள் நாம் காதில் வாங்க முடியாத தூரத்தில் இருந்தாலும் சந்தோஷமாக இருக்கவும் ஆண்டவன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மகளின் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது சமையலறையில் பெருஞ்சத்தம். விஷயம் என்னவென்றால், என் மகன் இன்று கம்பெனியில் போய், துறைமுகத்துக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். உங்கள் மகளைக் கேட்கவில்லை. உங்கள் மகளோ இன்று தான் வேலை பார்க்கும் காதுக்கருவிக் கடையில் போய், கணவனோடு துறைமுகத்துக்குப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் மகனைக் கேட்கவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று இவள் கத்துகிறாள், "நீ என்னைக் கேட்டியா?" என்று அவன் கத்துகிறான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் கத்துகிறார்கள், கதவையும் சாத்தவில்லை. சம்பந்தியம்மா அவர்களுக்குக் குறுக்கே போய் அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வந்தாள், ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லையாம். ஆகவே வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு ஞாயிறன்று அவசியம் வரவும். சகோதரர் வேண்டாம். மகளை அழைத்துப் போகவும் வேண்டாம். அவர்கள் சத்தத்தில் பேச முடியாமல் கிடக்கிற எங்கள் இருவருக்கும் பேச்சுத்துணையாக வந்தால் போதும்.