மானிய அடுப்பு எரிந்த விவரம்

திருப்புட்குழி,
5-1-1976

மரியாதைக்குரிய மச்சான் சபாபதி அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் துரைக்கண்ணு வணக்கத்துடன் எழுதியது. இங்கு நானும், தங்கள் தங்கை கிருஷ்ணவேணியும், நான்கு மாடுகளும் சுகம். சென்னையில் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் அவ்விதமே இருக்க எங்கள் ஊர்ப் பெருமாளை வேண்டுகிறேன்.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. விறகடுப்புப் பக்கமே போகக் கூடாதென்று கண் டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியும் தங்கை புகையில்தான் கிடக்கிறாள், பொங்கலுக்குள் புகையில்லாத அடுப்பு வைக்காவிட்டால் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். கவரில் எழுதியிருக்கலாம். தபால்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். அது போகட்டும். தாங்கள் சிரமப்பட வேண்டாம், அடுப்பு எரிந்துவிட்டது.

சாண எரிவாயுவுக்கு சர்க்கார் மானியம் தருகிறது. கொல்லையில் கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். தினமும் சாணத்தைக் கரைத்து ஊற்றினால் காஸ் உண்டாகி, டிரம் எழும்பி, குழாய் வழியாக அடுப்புக்கு வரும். அதிகாரி வந்து அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்த்தால்தான் மானியம், இல்லையென்றால் டிரம் செய்தவர் கழற்றிக்கொண்டு போய்விடுவார். கார்த்திகை முழுக்க ஊற்றினேன், டிரம் ஒரு முழம் எழும்பியது. மார்கழி பிறந்ததும் இறங்கிவிட்டது. தொட்டியில் ஓட்டை என்று கொத்தனாரைத் திட்டினேன், அவரும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் விடியற்காலை கொல்லைக்குப் போனால், தெருப் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள், தங்கள் தங்கை ஆளுக்கு ஒரு கை சாணம் அள்ளிப் போடுகிறாள்.

"இன்னா வேணி இது? காஸுக்கு வெச்ச சாணியாச்சே!"

"அதுக்கு? மார்கழி மாசம் வாசல் தெளிக்க சாணி கேட்டு வந்தவங்கள வெறுங்கூடையோட அனுப்பவா? என் கண்ணு போனா போவுது, உன் மானமும் போவணுமாய்யா?"

அதற்குள் அதிகாரி வரும் தேதி குறித்துக் கடிதாசி வந்துவிட்டது. வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். இங்கே மார்கழியில் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைப்பார்களே, அவற்றைச் சேர்த்துவைத்துக் காணும் பொங்கலன்று குளத்தில் கரைப்பார்கள். இவள் வீடு வீடாகப் போய், "எந்தத் தண்ணியில கரைச்சா இன்னாம்மா, எங்க தொட்டியில கரைங்க" என்றாள். பெண்கள் தட்டோடு வந்து, கற்பூரம் காட்டி, நூறு பிள்ளையாருக்கு மேல் தொட்டியில் கரைத்தார்கள். பத்து நாளில் டிரம் எழும்பிவிட்டது.

முந்தாநாள் அதிகாரி வந்தார். தொட்டி வாயில் பூசணிப்பூக்கள் மிதந்தன.

"என்னம்மா இது?"

"புள்ளையாருங்க சார்."

"சொந்த மாட்டுச் சாணம்தான் போடணும்னு விதி இருக்கே?"

"எல்லாம் எங்க மாட்டு சாணிதான் சார். ஊருக்குள்ள போயி சாமியா இருந்துட்டுத் திரும்பி வந்துக்கினு இருக்குது."

அதிகாரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேற்கொண்டு விசாரித்தார். அடுப்பைப் பற்றவைத்தோம். நீலமாக எரிந்தது. பால் பொங்கியது, அவர் காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தங்கள் தங்கை கண்ணைக் கசக்காமல் அடுப்பைப் பார்த்துச் சிரித்ததைக் கல்யாணம் ஆன இந்த இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை மச்சான்.

ஆகையால் தாங்கள் அவளை அழைத்துப்போக வர வேண்டியதில்லை. அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு எங்கள் ஆசி.

தங்கள் அன்புள்ள,
துரைக்கண்ணு

பி.கு.: மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். கவரை ஒட்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பிள்ளையார் கொடுத்த பெண்களுக்கு நன்றிக்கடனாக நேற்றும் இன்றும் ஆளுக்கு இரண்டு கையாகச் சாணம் போட்டிருக்கிறாள். டிரம் தரைதட்டிவிட்டது. அவளை உட்காரவைத்துவிட்டு இன்று நானே விறகடுப்பு ஊதினேன். அரைப்படி அரிசி வேகவில்லை, அதற்குள் என் கண்ணைத் திறக்க முடியவில்லை. இதையா இவள் இத்தனை வருடம் ஊதினாள் என்று அடுப்படியிலேயே அழுதுவிட்டேன். புகை என்று சொல்லிச் சமாளித்தேன். உடனே புறப்பட்டு வந்து அவளை அழைத்துக்கொண்டு போங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. "நான் ஊருக்குப் போயிட்டா காலையில வர்றவங்களுக்கு யாருய்யா சாணி போடுவா?" என்கிறாள்.