கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு கூடாரமில்லை

கூடார முகாம் வாசலில் 'இடமில்லை' என்று பலகை தொங்கியது. தொழிலாளர் தின விடுமுறைக்கு ஒரிகான் மாநிலத்தின் பாதி ஜனம் தனிமையைத் தேடிக் கிழக்கே பாலைவனத்துக்குக் கிளம்பியிருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் தேடியதுதான் கோளாறு.

கிரேடி வண்டியை நிறுத்திப் பலகையை முறைத்தான். மனைவி லோர்னாவோடு அவனுக்கு ஓர் ஒப்பந்தம். கூடாரம் போட்ட இடத்திலிருந்து இன்னொரு கூடாரம் கண்ணில் பட்டால், இனி எல்லா விடுமுறையும் அவள் தங்கை குடும்பத்தோடு கடற்கரை விடுதியில்தான். தங்கை புருஷன் மூன்று நாளும் தன் மூல ஆபரேஷனைப் பற்றியே பேசுவான்.

கழிப்பறைக்குப் போன லோர்னா சாவகாசமாகத் திரும்பி வந்தாள்.

"இப்ப என்ன பண்றதா உத்தேசம்?"

"இந்த முகாமெல்லாம் டவுன்காரங்களுக்கு. எனக்கு ஒரு இடம் தெரியும்."

அவனுக்கு ஓர் இடமும் தெரியாது. அவனே போர்ட்லண்ட் நகரத்தில் தரைவிரிப்பு விற்பவன்.

மண்பாதையில் பத்து மைல் போனதும் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் மூன்று வண்டிகள்.

"இவனுங்களுக்கு வேற ரோடே கிடைக்கலையா?"

வேகத்தைக் கூட்டினான். கிளம்பிய புழுதி, அடுத்த மாவட்டத்துக்காரனுக்கும் வழி காட்டுவதுபோல் எழும்பியது. மூன்று வண்டி ஆறாயிற்று. லோர்னா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

குறுக்கே மாட்டுப் பண்ணையின் முள்கம்பிக் கதவு. சாத்தியிருந்த கதவைத் திறந்தவன் மறுபடி சாத்திவிட்டுத்தான் போகவேண்டும். அந்தப் பக்கத்தில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, கதவைச் சாத்தாமல் போனால் கிடையாது. கிரேடி கையைக் கிழித்துக்கொண்டு கம்பியை இழுப்பதற்குள் ஆறு வண்டியும் வந்து நின்றன.

"நீங்க முன்னாடி போங்க தலைவரே, கதவை நாங்க சாத்திக்கிறோம்!" முதல் வண்டிக்காரன் தொப்பியைத் தூக்கினான்.

"தலைவராம்!" கிரேடி பல்லைக் கடித்தான்.

"மரியாதை தெரிஞ்ச மனுஷங்க," என்றாள் லோர்னா.

இவர்களைக் கழற்றிவிட, பாதையை விட்டு வறண்ட ஓடைக்குள் வண்டியை இறக்கினான். கல் குத்தி டயர் கிழிந்தது. மாற்று டயரை வெளியே எடுத்தான். அதிலும் காற்றில்லை. பாலைவனத்துக்குக் கிளம்பும் முன் அவன் சரிபார்த்தது காப்பிக்கொட்டையை மட்டும்தான்.

அரை மணியில் மேலும் வண்டிகள் வந்து சேர, அவனைச் சுற்றிப் பதினோரு கூடாரங்கள் முளைத்தன. யாரோ பான்ஜோவை எடுத்துச் சுருதி கூட்டினார்கள். கேஸ் அடுப்பில் பன்றி இறைச்சி வறுபட்டது. ஒருவன் கிரேடிக்கு மடக்கு நாற்காலி போட்டு, கையில் பீரும் கொடுத்தான்.

கடைசி வண்டியிலிருந்து டெல்ஃபா என்ற கிழவி இறங்கி வந்தாள்.

"அருமையான இடம்பா. ஒரு ஈ காக்கா இல்ல."

கிரேடிக்குப் பொறுமை போய்விட்டது. "நாப்பது மைல்! ஏம்மா எல்லாரும் என் உசிரை வாங்குறீங்க? என் பின்னாடி வரச்சொல்லி யார் உங்களைக் கூப்பிட்டது?"

கிழவி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உன் பொண்டாட்டிதான்பா! முகாம் வாசல்ல ஒரு வண்டி விடாம கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாளே!"