மெத்தைமலையடியில் வன்தட்டுப் போர்

வாழ்க மலைசூழ் நரின் நகர்! வாழ்க அந்நகரின் மூன்றாம் மாடி வீடு காத்த கோமான், இயற்பியல் வாத்தியார், திருப்புளி ஏந்திய திண்தோளான், பகைக்கு முதுகு காட்டாப் பண்பாளன் ஜூமாதில்! பழைய கணினியொன்றை வீட்டுச் சர்வராக முடிசூட்டிய அவன், விருந்தினருள் மூத்தவர் மட்டுமே அமரும் தலைமாட்டுச் சுவரோரம், மெத்தைகள் அடுக்கிய மரப்பெட்டியை ஒட்டி அதற்கு அரியணை தந்தான். பெட்டிக்குப் பின்னால் ஓடிய வயரின் மறுமுனையில் ஹார்ட் டிஸ்க் எனும் வன்தட்டு வீற்றிருந்தது.

அவ்வன்தட்டில்தான் மகள் அய்பெரியின் கல்யாண வீடியோ, ஒன்பது மணி நேரம், வேறு பிரதியின்றி இருந்தது. ஊருக்கெல்லாம் பிரதி எடுக்கச் சொல்பவன் அவன். அதைக் காணவே ஞாயிறன்று சம்பந்திகள் வருகிறார்கள். புதன்கிழமை காலை, கொழுந்தியாள் இரவு தங்கிப் புறப்பட்ட மறுநாள், சர்வர் சங்கென முழங்கியது: வன்தட்டு சாகக் கிடக்கிறது!

இது மூன்றாம் படையெடுப்பு. நூருஸ் புத்தாண்டு விருந்துக்கு மறுநாள் ஓலமிட்ட முதல் தட்டையும், மச்சான் வந்துபோன மறுநாள் ஓலமிட்ட இரண்டாம் தட்டையும், சோதனையில் இரண்டும் கல்லுப்போல் திடமாயிருந்தும் நம்பாது, வீடியோவைப் புதியதற்கு மாற்றி, பழையதைத் துடைத்தழித்து, பால்கனியில் ஊறுகாய்ப் புட்டிகளிடையே நாடுகடத்தியவன் அவன். மூன்றாவதையும் சோதித்தான். அதுவும் கல்லுப்போல் இருந்தது.

"இன்று இத்தட்டு வாழும், அன்றேல் நான் தேநீர் தொடேன்!" என்று வஞ்சினம் உரைத்தான்.

மனைவி புருல் கோப்பையை நீட்டியபடி நின்றாள். "குடிச்சுட்டு சபதம் போடுங்க, ஆறிடும். எனக்கு ஒண்ணு தோணுதுங்க. விருந்தாளி போன மறுநாள்தானே இது கத்துது?"

"விருந்தாளிக்கும் தட்டுக்கும் என்னடி சம்பந்தம்?"

"விருந்தாளி போனா மெத்தையெல்லாம் நான்தானே அடுக்குறேன்."

பதினெட்டுப் பட்டுமெத்தைகளைக் கூரை தொட அடுக்கி, சரியாதிருக்கப் பெட்டியைத் தோள்கொடுத்துச் சுவரோடு மோதுவது அவள் வழக்கம். அண்ணல் பெட்டியை நகர்த்திப் பார்த்தான். நசுங்கி, நெளிந்து, குற்றுயிராய்க் கிடந்தது வயர். இரண்டு நிரபராதிகளைத் தண்டித்த வெட்கம் அவனைத் தின்றது. ஆயினும் கோமான் அன்றோ, ஆணையிட்டான்:

"இன்றுமுதல் பெட்டி சுவரை அணுகலாகாது! அடுக்கு பாதியாகக் குறைக!"

"சம்பந்தியம்மா முன்னால குட்டை அடுக்கா? பொண்ணு வீட்டுல விரிச்சுப் படுக்கக்கூட வழியில்லையான்னு கேப்பாங்க. உங்க பெட்டியத் தூக்குங்க, என் பெட்டி நகராது."

நரின் மலைகளும் ஒருகணம் அவள் பக்கம் சாய்ந்தன. வீரன் புது வயர் பூட்டினான். ஞாயிறன்று வீடியோ ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது. திரையைத் திரும்பியும் பாராத சம்பந்தியம்மாள், கூரை தொட்ட அடுக்கையே அண்ணாந்து பார்த்து, "என்ன உயரம்மா!" என்று மும்முறை வியந்தாள். புருலின் முகம் பூரித்தது.

சர்வர் இப்போது ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.