‘முதலியவற்றை’ என்று எழுதிய கை

சட்டம் எழுதுகிறவன் ஒருநாள் அதே சட்டத்தில் மாட்டுவான் என்று யாராவது முன்பே எச்சரித்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். (பொய். எழுதியிருப்பேன்.) என் வாழ்நாளில் நான் எழுதிய சட்டம் ஒன்றே ஒன்று. அதில் ஒன்பது சொற்கள். எட்டுச் சொற்கள் ஒழுங்காக இருந்தன.

தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக முப்பத்திரண்டு வருடம், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு மூட்டை இல்லை. கை நமநமத்தது. எங்கள் நகரின் வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளை எண்ண ஆரம்பித்தேன். நூற்றுப் பதினாறு வீடுகள், நூற்று எண்பத்தேழு எண்கள். ஒரே நாளில் இருநூற்றுப் பதினான்கு செய்திகள். காலை வணக்கம் நூற்று முப்பத்தொன்பது, பார்வர்டு எழுபத்திரண்டு. மிச்சம் மூன்றில் ஒன்று காணாமல் போன செருப்பைப் பற்றியது, ஒன்று மின்தடை, ஒன்றுதான் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது. அந்த ஒன்றுக்காகத்தான் எல்லோரும் குழுவில் இருந்தோம். எங்களுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.

பொதுக்கூட்டம் போட்டு என் சட்டத்தை வாசித்தேன்: “காலை வணக்கம், பார்வர்டு முதலியவற்றைக் கட்டுப்படுத்த எழுவர் குழுவுக்கு அதிகாரம் உண்டு.”

மணப்பாட்டுக்காரரான ஸ்டெல்லா டீச்சர், ஓய்வு பெற்ற தமிழாசிரியை, எழுந்து நின்றார். “அண்ணாச்சி, அந்த ‘முதலியவற்றை’ எதுக்கு? அது கதவு மாதிரில்லா திறந்து கெடக்கு.”

சட்டத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று பெருமையாகப் பதில் சொன்னேன். கைதட்டினார்கள். ஹார்டுவேர் கடை கணேசன் தலைவர்; நான் எழுவரில் ஒருவன்.

மூச்சுவிடக் கொடுத்த இடத்தில் நாங்கள் குடித்தனமே நடத்தினோம். முதல் வாரம் வாய்ஸ் மெசேஜைத் தடுத்தோம். அதுவும் முதலியவற்றில் அடங்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று செய்திதான், மீறினால் ஒரு மாதம் நீக்கம், அதுவும் அடங்கும். கோடி வீட்டுச் சேவல் ஐந்து மணிக்கு முன் கூவக் கூடாது. கூவுவதும் ஒருவகைக் காலை வணக்கமே. (இந்த வாதம் என்னுடையது. அன்று இதற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.) கடைசியாக, வீட்டுக்கு ஓர் எண் போதும் என்று நான் கொண்டுவந்த தீர்மானம். எழுபத்தொரு எண்களை நீக்கினோம். பெரும்பாலும் பெண்கள். அதில் என் மனைவி தங்கமும் ஒருத்தி. அன்று அவள் வைத்த ரசத்தில் உப்பு இல்லை.

ஒரு புதன்கிழமை பல் பிடுங்கப் பாளையங்கோட்டை போயிருந்தேன். எழுபத்தொரு எண்களை ‘சுமார் எழுபது’ என்று கணேசன் குழுவில் எழுதியிருந்தார். எழுபத்தொன்றைச் சுமார் எழுபது என்று விட்டுவிட என்னால் முடியாது. வாயில் பஞ்சோடு திருத்தம் போட்டேன். அது அன்றைக்கு என் நான்காவது செய்தி. பேருந்தில் திரும்பும்போது பார்த்தால் குழு என் போனில் இல்லை. ஆறுக்குப் பூச்சியம் வாக்கில் என்னை நீக்கியிருந்தார்கள்.

யாரிடமும் போய் நிற்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். தண்ணீர் செவ்வாய் வந்தது. நான்கு நாள் கணக்குப்படி சனிக்கிழமை வரும். சனிக்கிழமை குடத்தோடு குழாயடியில் உட்கார்ந்தேன். குழாய் காற்றுவிட்டது. ஏதோ குழாய் வேலையால் வெள்ளிக்கிழமையே திறந்துவிட்டிருக்கிறார்கள். குழுவில் நூற்றுப் பதினைந்து வீடுகளுக்கும் தெரியும்.

மறுநாள் ஞாயிறு. என் மச்சினன் மகளுக்கு மாலை நான்கு மணிக்கு இதே தூத்துக்குடியில் மாப்பிள்ளை வீட்டில் நிச்சயதார்த்தம். உடன்குடியிலிருந்து பதினான்கு பேர் காலையில் திருச்செந்தூர் போய்க் கடலில் முழுகிவிட்டு, நல்ல தண்ணீரில் குளித்து உடுத்திக்கொள்ள நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். தலையெல்லாம் மணல், உடம்பெல்லாம் உப்பு. கல்யாணப் பெண்ணின் கூந்தல் கயிறு மாதிரி விறைத்து நின்றது. வீட்டில் இருந்தது இரண்டு குடம், அது குடிக்க.

நான் ஓடினேன். கடையில் இருந்தவை ஆறு இருபது லிட்டர் கேன்கள். பெண்ணுக்கு இரண்டு. மிச்சம் எண்பது லிட்டரைப் பதின்மூன்று பேருக்கு வகுத்து, ஆளுக்கு ஆறு லிட்டர் என்று குளியலறை வாசலில் நின்று ஊற்றிக் கொடுத்தேன். மச்சினன் காதில் மணலோடுதான் சம்பந்தி வீட்டுக்குப் போனான்.

காலிக் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தங்கம் வந்து நின்றாள்.

“குரூப்ல நான் இருந்திருந்தா வெள்ளிக்கிழமையே தொட்டி நெறஞ்சிருக்கும்.”

“சட்டப்படிதானே நீக்குனோம்.”

“என்ன சட்டம்? ‘முதலியவற்றை’ன்னுதானே எழுதுனீய? அவைன்னா ஆடு, மாடு, குடம், வாளி. நான் என்ன அஃறிணையா?”

கையிலிருந்த கேன் விழுந்தது. ஐந்தாம் வகுப்பு இலக்கணம்! நான் சட்டம் எழுதி நான்கு மாதம் ஆகியும் ஏழு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அடுத்த ஞாயிறு பூங்காவில், நான் கேட்டு வாங்கிய பொதுக்கூட்டம். எண்பத்து மூன்று பேர். நீக்கப்பட்ட பெண்களில் நாற்பது பேர் பின்னால் நின்றார்கள். இவர்களும் என் வீடும் மறுபடி தண்ணீர்ச் செய்தி பார்ப்போமா என்பது அன்று முடிவாக வேண்டும்.

கணேசன் சளைத்தவர் இல்லை. “ஒழுங்குபடுத்துன்னு ஒரு வேலயக் குடுத்தா, அதுக்கு வேண்டிய அதிகாரத்தச் சொல்லாமலே குடுத்த மாதிரிதான். ஆளத் தூக்க முடியலன்னா எவன் சட்டத்த மதிப்பான்? அதோட, சொல்லு உங்க சொல்லு, அண்ணாச்சி. சேவல நாங்களா சேத்தோம்?”

கூட்டம் சிரித்தது. காது சுட்டது. ஆனாலும் எழுந்தேன்.

“மா, பலா முதலியவற்றப் பறிச்சிக்கோன்னு ஒருத்தன் சொன்னா வாழையும் பறிக்கலாம், கொய்யாவும் பறிக்கலாம். தோட்டக்காரனையே தூக்கிட்டுப் போக முடியுமா? எங்களுக்குக் குடுத்தது செய்தி மேல அதிகாரம். செய்தி அஃறிணை. நான் உயர்திணை.”

எல்லோரும் ஸ்டெல்லா டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“மனுசர நீக்கணும்னா ‘முதலியோரை’ன்னு எழுதியிருக்கணும். இதுல ஆளு அடங்காது. கூட்டம் குடுக்காத அதிகாரத்த எழுவர் எடுத்திருக்காவ.”

“அப்ப நாலு மாசமா நாங்க செஞ்சது?” என்றார் கணேசன்.

“காலை வணக்கத்த, பார்வர்ட நிறுத்துனது செல்லும். மத்தது செல்லாது. சேவலு கூவட்டும்.”

எழுபத்தொன்பதுக்கு நான்கு. எழுபத்திரண்டு எண்களும் அங்கேயே, அப்போதே சேர்க்கப்பட்டன. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினேன். கூட்டம் எழுதிக் கொடுக்காத எந்த அதிகாரமும் எழுவருக்குக் கிடையாது என்று புதுச் சட்டம் ஒன்று ஒருமனதாக நிறைவேறியது. கணேசனே வந்து கை கொடுத்தார். கப்பலை நானே கரைசேர்த்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தேன்.

அந்த வாதம் யாருடையது என்று கூட்டத்தில் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. எழுவரில் என் இடத்துக்கு அன்றே தங்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

உடன்குடி மச்சினன் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் போன் செய்கிறான். நலம் விசாரிப்பதில்லை. “அத்தான், குழாயில அஃறிணை ஏதும் வருதா, இல்ல வீட்டுல உயர்திணை மட்டும்தான் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், “அக்காட்ட குடுங்க” என்கிறான்.