ஓய்வறைக்கு நூற்றுக்கு நூறு

வணிக உலகில் அறம் எங்கே குடியிருக்கிறது என்று இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சட்டை தைக்கும் ஒரு கம்பெனியின் முதல் மாடியில், பத்துக்கு எட்டடி அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால் அது பத்திரமாக இருக்கிறது.

அறையின் திருநாமம் 'மகளிர் ஓய்வறை'. கட்டில், மெத்தை, மின்விசிறி எல்லாம் உண்டு. 'பொறுப்புள்ள நிறுவனம்' என்ற சான்றிதழுக்கு மனுப் போட்ட கையோடு கட்டி, கட்டிய கையோடு பூட்டியும் விட்டார்கள். மேலாளர் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தார். பெண்கள் படுத்தால் அழுக்காகிவிடாதா?

சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கும் பெண்ணுக்கு இந்த உயர்ந்த நோக்கம் பிடிபடவில்லை. வாயும் வயிறுமாக இருப்பவள், எட்டாவது மாதம். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தன. மேலாளரிடம் போய் நின்றாள்.

"சார், ஒரு பத்து நிமிஷம் காலை நீட்டிப் படுத்துக்கறேன். சாவி குடுங்க."

"ஆய்வு முடியட்டும்மா. அப்புறம் அந்த ரூமே உனக்குத்தான்."

"ஆய்வு எப்போ சார்?"

"ரெண்டு மாசத்துல."

"அதுக்குள்ள எனக்குக் குழந்தையே பொறந்துடும் சார்!"

"பாத்தியா, உன் பிரச்சினை தானாவே தீந்துடுது."

அவள் அதிர்ஷ்டம், ஆய்வாளர் இரண்டே வாரத்தில் வந்து இறங்கிவிட்டார். மேலாளர் அறையைத் திறந்து காட்டினார். ஆய்வாளர் மெத்தையைத் தடவிப் பார்த்தார். வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை.

"இதுல ஒருத்தர்கூட படுத்ததில்லையா?"

"எங்க ஆளுங்களுக்குக் களைப்பே வராது சார். அப்படிப் பாத்துக்கறோம்."

ஆய்வாளர் உருகிப்போனார். 'தொழிலாளர் நலன்: நூற்றுக்கு நூறு' என்று எழுதினார். கதவைப் பூட்டச் சொல்லி, குறுக்கே முத்திரைத் தாளையும் தம் கையாலேயே ஒட்டினார். அடுத்த ஆண்டு ஆய்வு வரை அது கிழியக் கூடாது. கிழிந்தால் சான்றிதழ் ரத்து.

ஆய்வாளர் கிளம்புவதற்குள், விஷயம் தெரியாமல் அவள் கைப்பிடியைப் பற்றிப் பற்றிப் படியேறி வந்தாள்.

"சார், அதான் ஆய்வு முடிஞ்சிடுச்சே. இப்பவாவது சாவி..."

"முடிஞ்சிடுச்சும்மா, நூத்துக்கு நூறு. அதான் ஒட்டியாச்சு."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. கண் இருட்டிக்கொண்டு வர, கதவோரமாகவே சரிந்தாள்.

மெத்தை நாலடி தூரத்தில் இருந்தது. ஆனாலும் முத்திரையின் மேல் ஒருவர் விரலும் படவில்லை; கொள்கை என்றால் கொள்கைதான். பாராட்டு விழாவுக்காக அன்று காலை வந்திருந்த பேனரை விரித்து, அதில் அவளைக் கிடத்தித் தண்ணீர் தெளித்தார்கள். 'உங்கள் நலனே எங்கள் மூச்சு' என்றது பேனர்.

கண் திறந்தாள். மேலாளர் பாசத்தோடு குனிந்தார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"கொஞ்சம் தேவல சார்."

"அப்போ எந்திரிம்மா. பேனர் கசங்குது."

அவள் எழுந்திருக்கவில்லை. வீங்கிய கால்களை நன்றாக நீட்டிக்கொண்டு ஆய்வாளரைப் பார்த்தாள்.

"நூறு போட்டீங்களே சார், அதுக்குப் பக்கத்துல இதையும் எழுதிக்கங்க. ஒருத்தி படுத்தா. தரையில."